கவரிங் லெட்டரும் பின்னால் போன ரயிலும்

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, கம்பெனியில் என்னோடு வேலை செய்த உங்களிடமிருந்து எனக்கு வருகிற மின்னஞ்சல்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றித்தான். தங்கச்சி ஒரு கேம் கம்பெனிக்கு விண்ணப்பிக்கிறாள், கூடப் படித்தவன் ஒருவன் விண்ணப்பிக்கிறான், விண்ணப்பத்தோடு வைக்கிற கவரிங் லெட்டரைக் கொஞ்சம் பார்த்துத் தாருங்கள் அக்கா என்று கேட்கிறீர்கள். பார்த்துத் தருவதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. வீட்டில் சும்மாதான் இருக்கிறேன். ஆனால் வருகிற கடிதங்கள் எல்லாம் ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகள் போல இருக்கின்றன. சிறுவயது முதலே விளையாட்டுகள் மீது எல்லோருக்கும் தீராத ஆர்வம். குழுவாக வேலை செய்ய எல்லோருக்கும் வரும். அழுத்தத்தைத் தாங்க எல்லோருக்கும் முடியும். அழுத்தம் என்றால் என்னவென்று தெரியாத வயதில் அதைத் தாங்குவேன் என்று எழுதுவது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது.

அதனால் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். விதிமுறைகளாகச் சொல்ல எனக்கு வராது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வேண்டியதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் பதுளை பஜாரில் ஒரு கொம்பியூட்டர் சென்டரில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கீழே புடவைக்கடை, மேலே நாங்கள். இரண்டுக்கும் முதலாளி ஒருவரே. ஊர் முழுக்க அவரை ஹாஜியார் என்றுதான் கூப்பிடும். கொம்பியூட்டரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவும் மாட்டார். மாதத்துக்கு ஒரு தடவை மேலே வந்து எல்லா மெஷினும் எரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போவார். எங்கள் வீடு ஹாலிஎலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய சிறு வீடுகளில் ஒன்று. அப்பா இல்லை. அம்மா கொழுந்து பறித்துத்தான் என்னை ஏ.எல்., அதாவது உயர்தரம் வரை படிக்க வைத்தார்.

சென்டரில் டைப்பிங் வகுப்புத்தான் பெரிய தலைவலி. மாணவர்கள் தூங்கி விழுவார்கள். அவர்களை எழுப்பி வைக்க ஒரு விளையாட்டு செய்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. பழைய மெஷின்களோடு வந்த ஒரு புரோகிராம் மொழி இருந்தது. அதன் உதவிப் பக்கங்களை வாசித்து வாசித்து, வகுப்பு இல்லாத நேரங்களில் ஒரு கேமை எழுதினேன். திரையில் ஒரு ரயில், பதுளை ஸ்டேஷனில் நிற்கும். ஒரு சொல் வரும். சரியாக அடித்தால் ரயில் நகரும். ஹாலிஎல, தெமோதரை, எல்ல, பண்டாரவளை என்று கொழும்பு வரைக்கும் போகலாம். எந்த மெஷினும் நல்ல மெஷின் இல்லை. படம் கொஞ்சம் கூடினால் மூச்சு வாங்கும். அதனால் ஒவ்வொரு ஸ்டேஷனையும் சில கோடுகளிலேயே வரையப் பழகினேன். ஒரு பலகை, ஒரு கூரை, ஒரு மலை. அவ்வளவுதான். மாணவர்கள் அதற்கே அடித்துக்கொண்டார்கள். வகுப்பு முடிந்தும் கீழே இறங்க மாட்டார்கள்.

இதையே தொழிலாகச் செய்யலாம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இலங்கையில் அப்படி ஒரு தொழில் இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது. புரோகிராமர் தேவை என்று கொழும்பிலிருந்து வரும் விளம்பரங்களுக்கு மட்டும் விடாமல் விண்ணப்பித்துக்கொண்டிருந்தேன். புத்தகக் கடைகளில் மாதிரிக் கடிதங்கள் என்று ஒரு புத்தகம் விற்பார்கள். அதைப் பார்த்து எழுதுவேன். மிகப் பணிவுடன் விண்ணப்பிக்கிறேன், எனக்கு இந்த வாய்ப்பை அளித்தால் மேலதிகாரிகளின் முழுத் திருப்திக்கும் ஏற்பக் கடமையாற்றுவேன், தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியை. நடுவில் பாடசாலை வலைப்பந்து அணியில் இருந்ததையும் சேர்த்துக்கொள்வேன். ஒரு பதிலும் வரவில்லை. கடிதங்கள் தபாலில்தான் தவறிப்போகின்றன என்று கொஞ்ச காலம் நம்பினேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில் சென்டரில் கூட்டம் அதிகமானது. இன்னொரு ஆசிரியை எடுக்க வேண்டும் என்று ஹாஜியார் பேப்பரில் போட்டார். கட்டாக விண்ணப்பங்கள் வந்தன. அவர் அதை அப்படியே கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"நீங்களே பார்த்து ஒரு ஆளை எடுங்க மகள். உங்களோட நிண்டு வேலை செய்யப் போறவங்க. எனக்கென்ன தெரியும்?"

பிரித்துப் படிக்கத் தொடங்கினேன். முதல் கடிதம் மிகப் பணிவுடன் விண்ணப்பித்தது. இரண்டாவதும் மிகப் பணிவுடன். அடுத்ததில் மேலதிகாரிகளின் முழுத் திருப்தி வந்தது. நான்தான் அந்த மேலதிகாரி என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது. இன்னும் கொஞ்சம் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. எல்லோரிடமும் அதே புத்தகம் இருந்தது. என் வரிகள், நான் யோசித்துச் சேர்த்ததாக நினைத்த வரிகள் உட்பட, முகம் தெரியாத ஆட்களின் கையெழுத்தில் திரும்பத் திரும்ப வந்தன. ஒருத்தி வலைப்பந்து கூட விளையாடியிருந்தாள்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, உங்களில் யாராவது ஒரு நாளாவது அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கடிதங்களைப் படிக்கிற ஆளுக்கு உங்களைப் பற்றித் தெரிந்துகொள்ளும் ஆசை ஒன்றும் கிடையாது. அவருக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. அதைத் தீர்க்க ஆள் வராதா என்று பார்க்கிறார். எனக்கு இருந்த சிக்கல் என்னவென்றால், வகுப்பில் தமிழ் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் கலந்து இருந்தார்கள். என் சிங்களம் பஸ்ஸில் டிக்கெட் வாங்கப் போதும், பாடம் நடத்தப் போதாது. இதை நான் ஹாஜியாரிடம் கூடச் சொன்னதில்லை.

கட்டின் நடுவில் ஒரு கடிதம் கிடந்தது. அரைப் பக்கம்தான். கொஸ்லந்தையிலிருந்து வசந்தி என்ற பெண் எழுதியிருந்தாள். தம்பியைச் சேர்ப்பதற்காக ஒரு நாள் சென்டருக்கு வந்ததாகவும், கதவுக்கு வெளியே நின்றபோது பாதிப் பிள்ளைகள் பக்கத்துப் பிள்ளையின் திரையைப் பார்த்து அடிப்பதைக் கண்டதாகவும் எழுதியிருந்தாள். பாடம் விளங்காததால் அப்படிச் செய்கிறார்கள் என்று நினைக்கிறேன், எனக்கு இரண்டு மொழியும் சரளமாக வரும், ஒரே பாடத்தை இரண்டிலும் மாறி மாறிச் சொல்ல முடியும், ஒரு மணித்தியாலம் தந்து பாருங்கள் என்று முடித்திருந்தாள். பணிவு என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. மற்றக் கடிதங்களை நான் அதற்குமேல் படிக்கவில்லை என்பதை இப்போது சொன்னால் பாவம் அவர்கள்.

வசந்தி என்னைவிட இளையவள். ஆனாலும் கடிதம் எழுதுவதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளிடம் கற்றதுதான்.

அவள் வந்த அடுத்த வருடம் அந்த விளம்பரம் வந்தது. கைத்தொலைபேசியில் விளையாடும் கேம்களைச் செய்கிற ஒரு சின்னக் கம்பெனி கொழும்பில் தொடங்கியிருந்தது. வெளிநாட்டு ஓர்டர்கள். கேம் புரோகிராமர் வேண்டுமாம். அந்த இரண்டு சொற்களையும் சேர்த்து அப்போதுதான் முதன்முதலாக அச்சில் பார்த்தேன். கையிலிருந்த தேநீர் சிந்தியது.

அதே நாட்களில் இன்னொரு கதையும் ஓடிக்கொண்டிருந்தது. தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் எடுக்கும் பரீட்சை எழுதி நான் பாஸாகியிருந்தேன். நேர்முகம் மட்டும் பாக்கி. அரசாங்க வேலை, பென்ஷன், தோட்டத்தில் மரியாதை. அம்மா அதைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டார். ஆனால் எனக்கு இரண்டு புதுச் சேலை வாங்கி மடித்து வைத்திருந்தார். பேசாமல் பேசுவது அம்மாவுக்குக் கைவந்த கலை.

கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதி வசந்தியிடம் காட்டினேன். இந்தத் தடவை புத்தகத்தைத் தொடவில்லை. என் ஆர்வம், ஒரு உதவியும் இல்லாமல் நானே படித்தது, தோட்டத்திலிருந்து வந்து பட்ட கஷ்டம் எல்லாவற்றையும் உருக்கமாக எழுதியிருந்தேன். அவள் முழுவதும் படித்தாள். பிறகு மேசையில் வைத்துவிட்டு யோசித்தாள்.

"நல்லா இருக்கு அக்கா. ஆனா இதுல நீங்க மட்டும்தான் இருக்கீங்க. அவங்க எங்கயும் இல்லயே."

கோபம் வந்தது. கடிதத்தை எடுத்து மடித்து வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து விளம்பரத்தை மறுபடியும் படித்தேன், இந்தத் தடவை அவர்களுடைய நாற்காலியில் உட்கார்ந்து. அந்தக் காலத்துக் கைத்தொலைபேசி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. தீப்பெட்டி அளவு திரை. நினைவகம் என்று ஒன்று இருந்ததா என்றே சந்தேகம். கொம்பியூட்டரில் பெரிய பெரிய புரோகிராம் எழுதிப் பழகியவர்கள் அதில் கேம் செய்ய வந்தால் மூச்சுத் திணறுவார்கள். அந்தக் கம்பெனிக்காரருக்கு இரவும் பகலும் இதுதான் கவலையாக இருக்கும். எனக்கோ வேறு விதமாக எழுதவே தெரியாது. ஹாஜியாரின் மெஷின்கள் என்னை அப்படித்தான் வளர்த்திருந்தன.

புதுக் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. நீங்கள் சிறிய கருவிகளுக்கு கேம் செய்கிறீர்கள், நான் இத்தனை வருடமும் வசதியில்லாத மெஷின்களுக்குத்தான் கேம் எழுதியிருக்கிறேன் என்று தொடங்கினேன். இத்துடன் வரும் சீடியில் ஒரு டைப்பிங் கேம் இருக்கிறது, ஒரு ஸ்டேஷனைச் சில கோடுகளில் எப்படி வரைந்திருக்கிறேன் என்று பாருங்கள் என்றேன். எனக்குத் தெரியாததையும் ஒரு வரியில் சொன்னேன். கைத்தொலைபேசிக்கான மொழியை நான் இன்னும் தொட்டதில்லை, கற்க வேண்டும். கஷ்டப்பட்ட கதை போய்விட்டது. வலைப்பந்தும் போய்விட்டது. வசந்தி படித்துவிட்டு ஒட்டுவதற்குக் கவரை எடுத்துத் தந்தாள்.

அதோடு நின்றிருக்கலாம். நான் நிற்கவில்லை. கேம் கொஞ்சம் சாதாரணமாக இருக்கிறதோ என்று கடைசி நேரத்தில் ஒரு சந்தேகம். கொழும்புக்காரர்கள் அசந்துபோக வேண்டும் என்று ஒரு புதுச் சங்கதியைச் சேர்த்தேன். சொல்லைத் தவறாக அடித்தால் ரயில் கொஞ்சம் பின்னால் உருண்டு போகும். மலை ரயில் அல்லவா, வழுக்கும். நானே விளையாடிப் பார்த்தேன். எல்லவில் ஒரு பிழை விட்டேன், அழகாகப் பின்னால் போனது. பண்டாரவளையில் விட்டேன், போனது. கேமைச் சீடியில் பதிந்து, கடிதத்தோடு பதிவுத் தபாலில் போட்டுவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வாரம் டைப்பிங் வகுப்பில் அந்தப் புதுப் பதிப்பைப் போட்டுவிட்டேன். எங்கள் மாணவர்களில் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஒருவர் இருந்தார். நடுத்தர வயது. ஒரு விரலால் அடிப்பார், அதுவும் ஒவ்வொரு எழுத்தையும் கீபோர்டில் தேடிக் கண்டுபிடித்து. அவர் என்னைக் கூப்பிட்டார்.

"மிஸ், என்னோட ரயிலு பதுளைக்குப் பின்னுக்குப் போவுது. அங்கிட்டுத் தண்டவாளமே இல்லயே."

பதுளை கடைசி ஸ்டேஷன். அதற்கப்பால் பாதை கிடையாது. போய்ப் பார்த்தேன். முதல் சொல்லையே அவர் தவறாக அடித்திருந்தார். ரயில் பதுளையிலிருந்து பின்னால் உருண்டு, திரையை விட்டு வெளியே போய், கேம் அப்படியே உறைந்து நின்றது. எந்த விசையை அமுக்கினாலும் அசையவில்லை.

எனக்கு டைப்பிங் நன்றாக வரும். முதல் சொல்லில் நான் பிழை விட்டதே இல்லை. அதனால் அங்கே ஒரு பிழை விட்டுப் பார்க்கவும் தோன்றவில்லை. கேமைப் புதிதாகத் திறக்கிற எந்த மனிதனும் முதல் சொல்லில்தான் தடுமாறுவான். கொழும்பில் என் சீடியைப் போடப்போகிற ஆளும் அப்படித்தான்.

திருத்துவது ஒரே ஒரு வரி வேலை. தூரம் சைபருக்குக் கீழே போனால் அதைச் சைபராக்கு. எழுதிச் சரிபார்த்துவிட்டேன். ஆனால் திருத்திய சீடியை எப்படி அனுப்புவது? மழை விடாமல் பெய்து, ரயில் பாதையில் மண் சரிந்து கிடந்தது. தபால் பல நாள் பிந்தும் என்று தபால் கந்தோரில் சொன்னார்கள்.

கிளாக்கர் எனக்காக உண்மையாகவே வருத்தப்பட்டார். தான்தான் ரயிலைக் கவிழ்த்துவிட்டதாக அவருக்கு எண்ணம். பேசாமல் இருந்துவிடும்படி சொன்னார். அவர்கள் ஒழுங்காக அடித்தால் தெரியவே போவதில்லை, நாமாகப் போய் ஏன் குறை சொல்ல வேண்டும் என்றார். வசந்தி என் முகத்தைப் பார்த்தாள். நான் ஒரு நிமிடம் அவர் சொன்னதைப் போலவே செய்யலாமா என்று யோசித்தேன். பிறகு கம்பெனிக்காரரின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். சின்னக் கம்பெனி. வெளிநாட்டுக்குக் கேம் அனுப்புகிறவர்கள். அனுப்பிய பிறகு பிழையைக் கண்டுபிடித்த புரோகிராமர் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர்கள் கதி என்ன? அந்த வேலைக்குத்தானே நான் விண்ணப்பித்திருக்கிறேன்.

ஹாஜியாரின் கடை டெலிபோன் மழைக்குச் செத்துப்போயிருந்தது. குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருந்த கொமியூனிகேஷனுக்குப் போனேன். இப்போதைய பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், கொமியூனிகேஷன் என்றால் காசு கொடுத்து டெலிபோன் பேசுகிற கடை. நல்ல கூட்டம். பெரும்பாலும் தோட்டங்களிலிருந்து வந்த அம்மாமார், மத்திய கிழக்கில் வேலை செய்கிற மகள்மாரோடு பேசக் காத்திருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குக் கதவு இருந்தது, ஆனால் மூடாது. பேசுகிறதெல்லாம் எல்லோருக்கும் கேட்கும்.

என் முறை வந்தது. விளம்பரத்தில் இருந்த நம்பரைச் சுழற்றினேன். ஒரு ஆண் குரல் ஆங்கிலத்தில் பேசியது. நான் ஆங்கிலத்தில் தொடங்கித் தடுமாறினேன். பெயரைக் கேட்டதும் அவர் தமிழுக்கு மாறினார். யாழ்ப்பாணத் தமிழ்.

"ஓம், சொல்லுங்கோ. என்ன விஷயம்?"

நான் மூச்சு விடாமல் சொன்னேன். நான் அனுப்பிய கேமில் ஒரு பிழை இருக்கிறது, முதல் சொல்லைத் தவறாக அடித்தால் நின்றுவிடும், காரணம் இது, திருத்தம் இது, தபால் ஓடாததால் போனில் சொல்கிறேன், தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள் என்று அந்த வரியை எழுத்தெழுத்தாகச் சொல்லத் தொடங்கினேன். லைன் இரைந்துகொண்டிருந்தது. கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. சைபருக்குக் கீழ போனா, ஆமாங்க, சைபருக்குக் கீழ, அப்ப சைபர். எனக்குப் பின்னால் வரிசையில் பேச்சு நின்றுபோனதை உணர்ந்தேன். திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்ற ஒரு அம்மா, எனக்கு ஏதோ பெரிய துக்கம் நடந்துவிட்டது போல இரக்கத்தோடு தலையாட்டினார்.

நான் முடித்தேன்.

"பிள்ளை, உங்கட கவர் இன்னும் உடைக்கவே இல்லை. மேசையில அப்பிடியே கிடக்குது."

திறக்காத கவருக்குள் இருந்த பிழையை நான் பதுளை பஸ் ஸ்டாண்ட் முழுக்கக் கேட்கும்படி கத்திச் சொல்லியிருக்கிறேன். போனை வைத்துவிடலாமா என்று இருந்தது. அதற்குள் அவர் கொஞ்சம் நிற்கச் சொன்னார். காகிதம் கிழிகிற சத்தம் கேட்டது. கடிதத்தைப் படிக்கிறார் என்று ஊகித்தேன். பிறகு சீடி சுழலும் சத்தம், கீபோர்ட் சத்தம். ஒரே ஒரு தட்டல்.

அவர் சிரித்தார். அடக்கிச் சிரிக்கவில்லை, நன்றாகவே சிரித்தார்.

"பதுளைக்குப் பின்னால போய் நிண்டிட்டுது. நீங்கள் சொன்ன மாதிரியேதான்." பிறகு குரல் மாறியது. "புதன்கிழமை வரேலுமா? கம்பெனிப் பெரியவர் வியாழன் வெளிநாடு போறார். அவர் இருக்கேக்க உங்களைக் காட்ட விருப்பம்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். காசைக் கொடுத்து வெளியே வந்து, மழையில் நடந்து, பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. ஆசிரியர் நேர்முகமும் அதே புதன்கிழமை. பதுளை கல்விக் கந்தோரில். காலை.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்தேன். வசந்தியிடம் காட்டிய அந்த முதல் கடிதத்தைப் போல உருக்கமாகத்தான் வந்தது. போனதும் அத்தனையும் மறந்துபோய் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அம்மா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"போனுக்குள்ள வெளையாட்டு செய்யிறதுக்குச் சம்பளம் குடுக்குறாங்களா?"

கொடுப்பார்கள் என்றேன். ஆனால் சின்னக் கம்பெனி, நாளைக்கே மூடினாலும் மூடுவார்கள் என்பதையும் சொன்னேன். அம்மா அடுத்த ரொட்டியைக் கல்லில் போட்டார்.

"டீச்சர் வேல புடிக்காதா ஒனக்கு?"

"புடிக்கும்மா. அது எங்கயும் போயிறாது. ஆனா இது எனக்கு ரொம்பப் புடிக்கும்."

அம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டார். சாப்பிடக் கொடுத்தார். மடித்து வைத்திருந்த புதுச் சேலையில் ஒன்றை எடுத்து வெளியே வைத்தார். எந்த நேர்முகத்துக்கு என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் காலையில், பெரட்டுக்கு, அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்கப் போகும் முன், கல்விக் கந்தோருக்குத் தான் போவதாகவும் என்னைக் கொழும்புக்குப் போகும்படியும் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா கந்தோர் என்று எதற்குள்ளும் போனவர் இல்லை. அங்கே போய் என்ன பேசப் போகிறார் என்று கேட்டால், வாய் இருக்கு என்றார். வசந்தி கூடப் போவதாகச் சொன்ன பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

ரயில் இல்லாததால் முதல் நாளே பஸ்ஸில் கொழும்பு போய், தெரிந்தவர் வீட்டில் தங்கினேன். கம்பெனி ஒரு வீட்டின் மேல்மாடி. ஐந்தாறு பேர், வெறும் காலோடு. போனில் பேசியவர் நான் நினைத்ததைவிட இளையவர். பெரியவர் என் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். கடிதம் மட்டும் அவர் கையில் இருந்தது. இந்தக் கேமில் எதை விட்டுவிட்டாய் என்று கேட்டார். எதைச் செய்தாய் என்று கேட்பார்கள் என்று நினைத்துத்தான் தயாராகி வந்திருந்தேன். யோசித்தேன். தெமோதரையில் பாதை ஒரு வட்டம் சுற்றித் தன் அடியிலேயே போகும், அதை வரைய ஆசைப்பட்டு மூன்று விதமாக முயன்றேன், மெஷின் தாங்கவில்லை, கடைசியில் ரயிலைச் சுரங்கத்துக்குள் அனுப்பி மறைத்துவிட்டேன் என்றேன். ரயில் இருட்டுக்குள் போகும்போது சுற்றுவதாக மாணவர்களே நினைத்துக்கொள்கிறார்கள் என்றும் சொன்னேன். அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். அடுத்த மாதம் முதலாம் திகதி வா என்றார்.

பிற்காலத்தில் அதே கம்பெனியில் விண்ணப்பங்களைப் படிக்கிற நாற்காலி எனக்கே வந்தது. உங்களில் பலரை எடுத்தது நான்தான். எங்கள் கேமைப் புகழ்கிறேன் என்று போட்டிக் கம்பெனியின் கேமைப் புகழ்ந்து எழுதியவர் ஒருவர் உண்டு. எங்கள் கேமில் யானை மரத்துக்குள்ளால் நடந்து போகிறது என்று எழுதி, எந்த இடத்தில், ஏன் என்றும் விளக்கிய ஒரு பெண் உண்டு. அவள் இப்போது உங்கள் குழுவின் தலைவி. எந்த அளவு எழுத்தில் எழுதினாலும், என்ன நிறத் தாளில் அச்சடித்தாலும், நான் தேடியது எல்லாம் ஒன்றைத்தான். இந்த ஆள் எங்கள் வேலையைக் கொஞ்சம் எட்டியாவது பார்த்திருக்கிறாரா? உண்மையை உண்மையாகச் சொல்வாரா?

அன்றைக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் மறுநாள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். வசந்தியும் வீட்டில் இருந்தாள், என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். அம்மா கல்விக் கந்தோரில் என்ன செய்தார் என்று கேட்டேன். அம்மா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வசந்திதான் சொன்னாள்.

காலையிலிருந்து வரிசையில் நின்றார்களாம். பெயர் கூப்பிட்டதும் அம்மா எழுந்து உள்ளே போயிருக்கிறார். மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்துத் திகைத்து, விண்ணப்பதாரி எங்கே என்று கேட்டிருக்கிறார். மகளுக்குச் சுகமில்லை என்று சொல்லும்படி வசந்தி வழியெல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தாளாம். அம்மா அதைச் சொல்லவில்லை.

"அவ கொழும்புக்கு இன்னொரு வேலைக்குப் போயிருக்காங்கய்யா. அது கெடச்சா அங்கயே இருப்பா. கெடைக்கலன்னா ஒங்க புள்ளைங்களுக்கு நல்லாப் படிச்சுக் குடுப்பா. ஒரு வாரம் குடுங்க, எதுன்னு நானே வந்து சொல்லிட்டுப் போறேன்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். நடுவில் இருந்தவர் பேனையை எடுத்து ஒரு வாரம் தள்ளிப் போட்டிருக்கிறார். அம்மா சொன்னபடி அடுத்த புதன்கிழமை கொழுந்து பறிக்கப் போகாமல், மறுபடியும் சேலை கட்டிக்கொண்டு பதுளைக்குப் போனார். மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது, அந்த இடத்தை வேறு ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள் என்று சொன்னார். இவ்வளவு தூரம் வந்து இதைச் சொல்கிற முதல் ஆள் நீங்கள்தான் என்று அந்த அதிகாரி எழுந்து நின்றாராம். அம்மாவுக்கு அதில் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வருகிறேன் என்று சொன்னேன், போனேன் என்றார்.

உங்கள் தங்கச்சிமாரின் கடிதங்களை அனுப்பிவையுங்கள். படிக்கிறேன். ஆனால் அனுப்புவதற்கு முன்னால், அந்தப் பிள்ளை இதையே ஒருவருக்கு நேரில் நின்று வாயால் சொல்ல முடியுமா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். சொல்ல வெட்கமாக இருக்கிற வரிகளை எல்லாம் வெட்டிவிடுங்கள். மிச்சம் இரண்டு வரிதான் இருந்தாலும் பரவாயில்லை. அதை அனுப்புங்கள்.